பேரிங் மேல் குற்றமில்லை

பின்சக்கரத்து பேரிங் வழியில் கெடுவதில்லை. ஊரிலேயே கெட்டுவிடுகிறது, வழியில் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். நெடும்பயணம் போகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "கிளம்பும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்பார்கள்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய வண்டி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் மனைவி. போடிமெட்டு ஏற்றத்தில் பின்பக்கம் ஒரு முனகல். டயர் சத்தம் என்று விட்டுவிட்டார். மூணாறு வளைவுகளில் வண்டி வாலை ஆட்டியது. தேனிக்கு இறங்கி வந்து புது பேரிங் போட்டார். தை அறுவடை முடிவதற்குள் அதுவும் போயிற்று. கும்பகோணத்தில் விலை கூடிய செட் ஒன்று வாங்கினார், அதுவும் நிற்கவில்லை. சந்தையில் வருவதெல்லாம் போலி என்று முடிவுகட்டிவிட்டார்.

திருவலஞ்சுழிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் இளைஞர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். பழைய பேரிங்குகளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஹப்பின் உள்ளே இருந்து ஒரு சாதாரண இரும்புக் குழாயை எடுத்து வெர்னியரில் அளந்தார்.

"அண்ணே, பேரிங் மேல குத்தமில்லண்ணே. இந்த ஸ்பேசர் கொறைஞ்சிருக்கு. இத வச்சு இறுக்குனா எந்த பேரிங்கும் நிக்காது."

இரண்டு பேரிங்குகளின் உள்வளையங்களுக்கு நடுவே நிற்பது அந்தக் குழாய். ஆக்ஸில் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இறுக்கம் முழுவதையும் அது தாங்கிக்கொள்ள வேண்டும். நீளம் குறைந்தால் நட்டு இரு உள்வளையங்களையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். குண்டுகள் பள்ளத்தின் நடுவை விட்டு ஓரத்தில் ஏறி ஓடும். யாரோ பழைய பேரிங்கை வெளியேற்றும்போது குழாயின் விளிம்பையும் சேர்த்து அடித்து நசுக்கியிருக்கிறார்கள். பிறகு அரம் போட்டு ராவிச் சமன்செய்திருக்கிறார்கள். ராவியதில் போனது கால் மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். அடுத்தடுத்த செட்டுகளைத் தின்றது அதுதான். இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. நட்டு தளர்ந்திருக்கும்போது லேசாகச் சுற்றும் சக்கரம், இறுக்கியதும் கனத்துப்போனால் குழாயைப் பாருங்கள்.

சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்துத் துணி ஆலை ஒன்றிலும் இதே தலைவலி இருந்தது. ஆலை நின்றது களிமண் தரை மேல். தரை அமுங்க அமுங்க, கூரையடியில் ஓடிய நீண்ட சுழல்தண்டுகள் நேர்கோட்டை விட்டு விலகின. பேரிங்குகள் ஓயாமல் போயின. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பொறியாளர் ஸ்வென் விங்க்விஸ்ட், கோளாறு தண்டு நிற்கும் வாட்டத்தில் இருக்கிறது என்பதைப் பிடித்தார். தண்டு சாய்ந்தால் தானும் சாய்ந்துகொடுக்கும் ஈரடுக்கு பேரிங்கை வடிவமைத்தார். 1907ல் எஸ்.கே.எஃப். நிறுவனம் பிறந்தது அப்படித்தான். களிமண் வயலில் கட்டிய வீட்டில் சுவர் வெடிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

ஸ்பேசருக்கு அடுத்த எதிரி செயின். காலி வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, தொய்வே இல்லாமல் செயினை இறுக்கிவிட்டு, பிறகு பெட்டியும் ஆளும் ஏற்றுவார்கள். பாரம் ஏறியதும் ஸ்விங்ஆர்ம் மேலே வரும். செயின் இன்னும் விறைக்கும். அந்த இழுப்பெல்லாம் பின்சக்கரத்து பேரிங்கின் மேல்தான். 1947ல் லுண்ட்பெரி, பால்ம்கிரன் என்ற சுவீடன்காரர்கள் வகுத்த ஆயுள் கணக்கு இன்றும் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி குண்டு பேரிங் மேல் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடும். பல டூரிங் வண்டிகளில் ஸ்ப்ராக்கெட் உட்காரும் பகுதியில் மூன்றாவதாக ஒரு பேரிங் உண்டு. செயின் இழுப்பை நேரே வாங்குவது அதுதான். பட்டறையில் மாற்றாமல் மறந்துவிடுவதும் அதைத்தான்.

மூன்றாவது எதிரி நம் ஊர் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் நிரம்பிச் சாலையில் ஏறும். ஓடிச் சூடேறிய ஹப் அந்தக் குளிர்ந்த நீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் ஓரமாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். மழை விட்டதும் சேறு போக வேண்டும் என்று வாட்டர் சர்வீஸுக்குப் போவோம். அங்கே பீய்ச்சும் நீர் ரப்பர் சீலை மடக்கிக்கொண்டு உள்ளே போகும். பங்குனி, சித்திரையில் வேறு கதை. உளுந்துச் செடியையும் பயற்றஞ்செடியையும் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளைக் கொண்டே அடித்துக்கொள்வது டெல்டா வழக்கம். அந்தக் கொடி ஆக்ஸிலில் சுற்றிக்கொண்டு சீலைக் கொஞ்சங்கொஞ்சமாக அறுக்கும். அந்த மாதங்களில் வீடு திரும்பியதும் குனிந்து பார்த்து, சுற்றியதை அறுத்து எறிவது நல்லது.

நான்காவது சுத்தியல். புது பேரிங்கை உள்வளையத்தில் வைத்து அடித்தால், அடி குண்டுகள் வழியாக வெளிவளையத்துக்குப் போகும். பள்ளத்தில் புள்ளி புள்ளியாக வடு விழும். வண்டி பட்டறையை விட்டு இறங்கும்போதே பேரிங்குக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஹப் அலுமினியம், பேரிங் எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். பேரிங்கை ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிட்டு, ஹப்பைத் தண்ணீர்த்துளி பட்டால் சுரீர் என்னும் அளவுக்குச் சூடாக்கினால், உட்காரும் இடம் ஒரு தலைமுடி கனத்துக்கு அகன்று கொடுக்கும். வெளிவளையத்தில் ஒரு வளையத்தை வைத்துத் தள்ளினால் போதும். வண்டல்மண் அச்சைச் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, உருக்கிய உலோகத்தை ஊற்றிச் சிலை வார்க்கும் சுவாமிமலையில், சூட்டுக்கு உலோகம் என்ன செய்யும் என்று தெரியாதவர் குறைவு. அந்த அறிவு இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கழற்றிய பேரிங்கைத் தூக்கி எறியவே கூடாது. போனதற்குக் காரணம் அதிலேயே இருக்கும். கிரீஸ் செம்பழுப்பாக இருந்தால் தண்ணீர். குண்டு ஓடிய தடம் பள்ளத்தின் ஒரு ஓரமாகவே பளபளத்தால் ஸ்பேசர். குண்டுகளின் இடைவெளிக்கு ஏற்ப வடுக்கள் இருந்தால் சுத்தியல். வெளிவளையத்தின் முதுகு தேய்ந்து மினுங்கினால், ஹப்பில் உட்காரும் இடமே அகன்றுவிட்டது. அதற்குப் புது பேரிங் தீர்வாகாது, லேத்துக்கோ புது ஹப்புக்கோதான் போக வேண்டும்.

உமணர் உப்பு ஏற்றிப் போகும் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டியிருந்ததை ஔவையார் புறநானூற்றில் சொல்லியிருக்கிறார். மேடு பள்ளத்தில் என்ன நடக்கும் என்று யார் அறிவார் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு அது இன்னும் சுலபம். மூன்று பேரிங் சேர்ந்தாலும் அரைக் கிலோ வராது. கொண்டுபோகாவிட்டாலும், அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6204 என்றால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்க வேண்டும்: உள்விட்டம் 20 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 47, அகலம் 14. உலகில் எங்கே வாங்கினாலும் இதே அளவுதான். வண்டிக்கடை இல்லாத ஊரிலும் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இருக்கும். பம்புசெட் மோட்டார்களில் ஓடுவதும் இந்தக் குடும்பத்துப் பேரிங்குகள்தான். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் என்று பொருள். தகட்டு மூடி போட்டது மழைக்கு ஆகாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையில் ஸ்விங்ஆர்மைத் தொட்டுக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். காதுக்கு எட்டாத கரகரப்பு விரலுக்கு எட்டும். மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான். ஆனால் "ஏன் போச்சு?" என்று கேட்காமல் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பதில் சொல்லாமல் சுத்தியலைத் தேடுகிறவரிடம் பயணம் போகிற வண்டியை விடவும் கூடாது.