எதிர்க்கலாம், இகழலாமா?



நம் பங்குகளில் இன்று வாட்ஸ்அப் குழு இல்லாத அன்பியம் அரிது. காலையில் அன்றைய இறைவார்த்தை வருகிறது. மாலைக்குள் அதே குழுவில் ஓர் அரசியல் தலைவரின் முகத்தை விலங்கின் உடலோடு ஒட்டிய படமும், அவர் வீட்டுப் பெண்களைப் பற்றிய கேலியும் வந்துவிடுகின்றன. "அவர் நமக்கு என்ன செய்தார்? அவருக்கு எதற்கு மரியாதை?" என்று நியாயமும் சொல்லப்படுகிறது. இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. ஏனெனில் ஞாயிறு திருப்பலியில் நாட்டுத் தலைவர்களுக்காக மன்றாடுவதும் அதே நாவுதான்.

கோபத்துக்குக் காரணம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. நம் தமிழகத்திலேயே நடந்ததை நினைத்துப் பார்ப்போம். 2002 அக்டோபரில், முதல்வர் செல்வி ஜெ. ஜெயலலிதாவின் அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வற்புறுத்தியோ, ஆசை காட்டியோ, ஏமாற்றியோ மதம் மாற்றினால் மூன்று ஆண்டுகள் வரை சிறை. மதம் மாறுகிறவர் பெண்ணாகவோ, சிறாராகவோ, தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி வகுப்பினராகவோ இருந்தால் நான்கு ஆண்டுகள் வரை சிறை.

வற்புறுத்தி மதம் மாற்றுவதைத் திருச்சபையும் ஏற்பதில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய தன் அறிக்கையில் இதைத் தெளிவாகக் கற்பித்தது. ஆனால் 'ஆசை காட்டுதல்' என்ற ஒரு சொல்லுக்குள் நம் பள்ளிகளையும் மருந்தகங்களையும்கூட அடக்கிவிடலாம் என்ற அச்சம் எழுந்தது. பெண்களும் தலித் மக்களும் தாமாக முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்பதுபோல் சட்டம் எழுதப்பட்டிருந்தது இன்னும் வேதனை தந்தது. எனவே ஆயர்களும் இறைமக்களும் வெளிப்படையாக எதிர்த்தனர். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சி அணி தோற்றது. அதே மே மாதத்தில் சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. சென்னை சர்ச் பார்க் கான்வென்டில் கன்னியரிடம் படித்தவர் அந்த முதல்வர். 2011இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், கிறிஸ்தவர்கள் எருசலேமுக்குத் திருப்பயணம் செல்ல அரசு நிதியுதவி அறிவித்தவரும் அவரே. 2016 செப்டம்பரில் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது கோவில்களிலும் பள்ளிவாசல்களிலும் நடந்ததுபோல் நம் ஆலயங்களிலும் அவருக்காகச் செபங்கள் நடந்தன. டிசம்பர் 5 அன்று அவர் இறந்தபோது நாமும் அஞ்சலி செலுத்தினோம். 2002இல் எதிர்த்ததும் சரி, 2016இல் செபித்ததும் சரி. ஒன்றுக்காக மற்றொன்றை நாம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

திருத்தூதர் பவுல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தலைமைச் சங்கத்தின் முன் அவரை வாயில் அடிக்கும்படி அனனியா ஆணையிட்டார். பவுல் சினந்து, வெள்ளையடித்த சுவர் என்று அவரைச் சாடினார். அவர் தலைமைக் குரு என்று அருகில் நின்றவர்கள் சொன்னதும், மக்களின் தலைவரை இகழக் கூடாது என்ற திருச்சட்டத்தைத் தாமே நினைவுகூர்ந்தார் (திப 23:1-5). ஆனால் தம்மை அடிக்கச் சொன்னது சட்டத்துக்கு மாறானது என்ற குற்றச்சாட்டை அவர் திரும்பப் பெறவில்லை. பின்னர் சீசரிடம் மேல்முறையீடும் செய்தார் (திப 25:11). இகழ்ச்சியை விட்டார், உரிமையை விடவில்லை.

இயேசு ஏரோதைக் குள்ளநரி என்று சொன்னாரே (லூக் 13:32) என்று சிலர் கேட்கலாம். அது அவனுடைய சூழ்ச்சியைப் பற்றிய கண்டிப்பு. அவனிடமே போய்ச் சொல்லும்படி கூறப்பட்டது. முகம் மறைத்து, ஊர் சிரிக்கப் பரப்பப்பட்ட கேலி அன்று.

பேதுருவின் முதல் திருமுகத்தில் நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு (1 பேது 2:17). எல்லா மனிதருக்கும் காட்டவேண்டிய அதே மதிப்பைத்தான் அரசருக்கும் காட்டச் சொல்கிறார் திருத்தூதர். அச்சத்தையோ கடவுளுக்கு மட்டுமே ஒதுக்குகிறார். நம் நாட்டு அரசியலுக்கு இது நல்ல மருந்து. இங்கே தலைவர் காலில் விழுகிறோம், அல்லது அவரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறோம். பங்குத் திருவிழா மேடையில் பொன்னாடை போர்த்திவிட்டு, வீட்டுத் திண்ணையில் வசைபாடுகிறவர்களும் உண்டு. இவற்றில் எதுவும் மதிப்பு ஆகாது. மதிப்பு என்பது அவரும் இறைச்சாயலில் படைக்கப்பட்டவர் என்று ஏற்பது. அவர் வகிக்கும் பொறுப்பு மக்களுக்கானது என்று உணர்வது. அதனாலேயே அவரிடம் உண்மையைப் பேசுவது. நியாயமான விமர்சனம் குடிமக்களின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2238) கற்பிக்கிறது.

இது பழங்கதை அன்று. உத்தரப் பிரதேசம் 2021இல் இயற்றிய மதமாற்றத் தடைச் சட்டத்தை 2024இல் ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கியது. 2025இல் இராஜஸ்தானும் இத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது. அங்குள்ள நம் சகோதர சகோதரிகளுக்காக நாம் குரல் கொடுக்கவேண்டும். அந்தக் குரலை நம்முடைய ஒரு கேலிப்படம் கெடுத்துவிடும். "அன்பைப் போதிப்பவர்களின் வாயைப் பாருங்கள்" என்று சொல்ல எதிர்ப்பவர்களுக்கு நாமே வாய்ப்புக் கொடுத்துவிடுகிறோம். பிறருக்கு எதிரான வெறுப்பில் பழகிய நாவு நீதிக்காகப் பேசும்போது எடுபடுவதில்லை.

எனவே மனு எழுதுவோம். நீதிமன்றம் செல்வோம். அறவழியில் கூடிக் கண்டிப்போம். தவறாமல் வாக்களிப்போம். கேலிப்படம் கைக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிட்டு, அந்தத் தலைவரின் பெயரைச் சொல்லி ஓர் அருள்நிறைந்த மரியே செபிப்போம். நமக்குப் பிடித்த தலைவருக்காகச் செபிப்பது எளிது. பிடிக்காத தலைவரின் பெயரும் நம் குடும்பச் செபமாலையில் இடம்பெறட்டும்.