உப்பு தின்ற குட்டியானை

பழவேற்காட்டு மீனைச் சுமக்கும் டாடா ஏஸ் வண்டிகளுக்கு, அதாவது குட்டியானைகளுக்கு, எமன் வயதல்ல, உப்பு. ஐஸ் உருகிய தண்ணீர் பெட்டியிலிருந்து ஒழுகி சேசிஸில் இறங்குகிறது; மிச்சத்தை ஏரிக்காற்று பார்த்துக்கொள்கிறது. மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் சுத்தியலால் தட்டினால் துரு அடுக்கடுக்காக உதிரும். அரித்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, ரெட் ஆக்சைடு பூசி வண்டியை மீட்டெடுப்பது வீட்டுவாசல் பட்டறையின் கைத்தொழில். சட்டம் மதிப்பதோ வேறொரு பழமையை. 2021 ஜூலையில் வந்த மத்திய விதி 50 வயது கடந்த வாகனங்களுக்குத் தனிப் பதிவு வரிசை தந்தது. ஆனால் சேசிஸை மாற்றியிருக்கக் கூடாது, தொழிலுக்கு ஓட்டவும் கூடாது. உழைக்கும் வண்டிக்கு 15 ஆண்டு தாண்டினால் தகுதிச் சான்றுக் கட்டணம்தான் ஏறுகிறது. டாடா ஏஸ் வந்தது 2005இல். முதல் வண்டிகள் அந்தக் கோட்டை எப்போதோ கடந்துவிட்டன.

புதிது வாங்கலாமே என்பார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடல்மீன் வரத்து குறையும். மாதத் தவணைக்கு ஏது தடைக்காலம்? தவிர, புது வண்டியையும் இதே உப்புதான் தின்னும். பழைய டீசல் இன்ஜின் புகை கக்கும், ஸ்பிரிங் பிடிமானத்தில் போட்ட ஒட்டு பாரத்தோடு விட்டால் உயிர் போகும் என்ற வாதம் மட்டும் நியாயமானது. அதற்குத்தான் புகை அளவையும் பிரேக்கையும் அடிப்பாகத்தையும் கறாராகச் சோதிக்க வேண்டும். தேறிய வண்டிக்கு வயதுக்காகக் கூடுதல் கட்டணம் எதற்கு? ஒட்டு விடாமல் இருக்கவும் வழி உண்டு: ஐடிஐக்களில் வெல்டர் பிரிவு இருக்கிறது. பட்டறைக்காரருக்கு அங்கே மாலை நேரத்தில் சேசிஸ் வேலையில் பயிற்சியும் சான்றும் தரலாம்.