கர்னலில் கசியும் மெமரி

"மெமரி லீக்தானே, மூடித் திறந்தால் போச்சு!" என்பார்கள். சாதாரண புரோகிராமுக்கு அது சரி; மூடியதும் இயங்குதளம் நினைவகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கசிவது இயங்குதளத்தின் கர்னலிலேயே என்றால்? கம்ப்யூட்டரையே ரீபூட் செய்ய வேண்டியதுதான்.

2022-இல் வெளியான சிவிஇ-2022-0742 நல்ல உதாரணம். லினக்ஸ் 5.13-இல் ஐபிவி6 மல்டிகாஸ்ட் கோடை மாற்றி எழுதினார்கள். 130, 131 வகை ஐசிஎம்பிவி6 பாக்கெட்டுகளை ஏற்காமல் தள்ளும் சில இடங்களில், அவற்றின் நினைவகத்தை விடுவிக்க விட்டுப்போனது. அப்படிப்பட்ட பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே இருந்தால் போதும். பாஸ்வேர்டே தேவையில்லை, மெமரி தீர்ந்து கம்ப்யூட்டர் படுத்துவிடும். பிறகு திருத்தம் வந்தது.

பாக்கெட் ஒழுங்காக வரும் வழியைத்தான் எல்லோரும் சோதிக்கிறார்கள். தப்பாக வரும் வழியைத் தாக்குபவன் சோதிக்கிறான்! கல்லூரி லேபிலும் விடை சரியென்றால் முழு மார்க். ஒவ்வொரு 'ரிட்டர்ன்'-க்கு முன்பும் வாங்கிய மெமரி திரும்பியதா என்று பார்த்து மார்க் போட்டால், அந்தப் பழக்கம் அங்கேயே வந்துவிடும்.