கைலியை எண்ணிய பேராசிரியர்

உங்கள் வீட்டில் எத்தனை கைலிகள் உள்ளன? வறுமையை அளக்க இக்கேள்வி உதவும் என்றார் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ். வீட்டிலுள்ள கைலிகளின் எண்ணிக்கையை, ஒரு வயதைக் கடந்த உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே அவருடைய ‘சாரோங் குறியீடு’. கிராமத்தில் கைலிதான் உடை, அதுவே போர்வை, குழந்தைக்குத் தொட்டிலும் அதுவே. ஆளுக்கு ஒன்றுகூட இல்லையென்றால், வருமானத்தைக் கேட்காமலேயே அவ்வீட்டின் நிலை விளங்கிவிடும்.

தோட்டத் தமிழர்களின் துயரத்தையும் அவர் ஆராய்ந்தார். 1950-களில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக்கி மறுபடியும் விற்றனர். தொழிலாளர்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்தனர். இத்துண்டாடல் குறித்து அவர் விரிவான ஆய்வு செய்தார். அதே காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பே தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று.

அளவுகோல் பிழையானால் திட்டமும் பிழையாகும். 2016-இல் மலேசியாவின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது. அப்போது வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட். பின்னர் அது 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டது; 2019-ஆம் ஆண்டுக்கான விகிதம் 5.6 விழுக்காடு ஆனது. அந்த ஏழைகள் புதிதாக வந்தவர்கள் அல்லர். முன்பு நம் கணக்கில் இல்லாதவர்கள்.

மலாக்காவை எடுத்துக்கொள்வோம். 1890-களில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கிய மாநிலம் இது. இன்று ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் செம்பனையே மிகுதி. கணவன், மனைவி இருவரும் தோட்டத்தில் வேலை செய்தால் குடும்பம் வறுமைக்கோட்டைத் தாண்டிவிடலாம். ஆனால், குடியிருக்கும் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்ய நேர்ந்தால், பட்டணத்து அடுக்குமாடி வாடகை அவர்களை மீண்டும் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடும். வருமானத்தை மட்டும் கேட்கும் ஆய்வில் இந்த ஆபத்து தெரியாது. “வேலை நின்றால் எங்கே குடியிருப்பீர்கள்?” என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இக்காலத் தோட்டத்துக்கு அதுவே கைலிக் கணக்கு.

“படிவம் நிரப்பியே சலித்துவிட்டது, ஐயா” என்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவருடைய சலிப்பில் நியாயம் உண்டு. கணக்கெடுக்க வருபவர்கள் முடிவைச் சொல்லத் திரும்பி வருவது அரிது. திட்டம் தீட்டுவதற்கு முன், ஆய்வின் முடிவைத் தோட்ட மண்டபத்தில் தமிழில் வாசித்துக் காட்டட்டும். எந்த வீடு விடுபட்டது என்பதை அங்கிருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.