எந்த விசாரணை?

நாடாளுமன்றத்தில் ஒரு முறைகேடு குறித்துப் புயல் கிளம்பினால், மறுநாள் ஆங்கில நாளேடுகளின் தலைப்பில் "புரோப்" என்ற சொல் தவறாமல் இடம்பெறும். காயத்தின் ஆழம் அறிய மருத்துவர் உள்ளே செலுத்தும் மெல்லிய கம்பிக்கும் இதுவே பெயர். "இன்வெஸ்டிகேஷன்" என்று நீட்டி எழுதத் தலைப்பில் இடம் இருப்பதில்லை. ஐந்தெழுத்துச் சொல் வசதியாகப் போயிற்று. ஆனால், யார், எந்த அதிகாரத்தோடு ஆராய்கிறார் என்பதை அச்சொல் தெரிவிப்பதில்லை.

தமிழும் இதில் பின்தங்கவில்லை. காவல் நிலையத்தில் நடப்பதும் விசாரணை, நீதிமன்றத்தில் நடப்பதும் விசாரணை. உறவினரை நலம் விசாரிப்பது தனி.

சட்டம் இப்படிக் குழப்பிக் கொள்வதில்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், காவல்துறை சாட்சியம் திரட்டும் புலனாய்வையும், குற்றவியல் நடுவரோ நீதிமன்றமோ நடத்தும் விசாரணையையும் தனித்தனியே வரையறுக்கின்றன. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்படும் விசாரணை ஆணையம் வேறு வகை. அது சாட்சிகளை அழைக்கலாம். எவரையும் தண்டிக்க இயலாது. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. பாபர் மசூதி இடிப்பு குறித்து 1992 டிசம்பரில் அமைக்கப்பட்ட லிபரான் ஆணையத்துக்குத் தரப்பட்ட அவகாசம் மூன்று மாதம். 48 முறை நீட்டிப்புப் பெற்று, 2009 ஜூனில்தான் அறிக்கை வந்தது.

இந்தக் குழப்பம் உச்சத்தைத் தொட்டது 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில். சி.பி.ஐ. 2009 அக்டோபரிலேயே வழக்குப் பதிந்திருந்தது. பொதுக் கணக்குக் குழுவும் ஆராய்ந்து வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சிவராஜ் பாட்டீல் தலைமையில் ஒருநபர் குழுவும் 2010 டிசம்பரில் அமைக்கப்பட்டது. இத்தனை விசாரணை நடக்கையில் இன்னொன்று எதற்கு என்றது ஆளும் தரப்பு. நாடாளுமன்றக் கூட்டுக்குழுதான் வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். அவ்வாண்டுக் குளிர்காலக் கூட்டத்தொடர் ஏறக்குறைய முழுவதும் பாழாயிற்று.

இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவது சரியல்ல. பொதுக் கணக்குக் குழு தணிக்கை அறிக்கையை ஒட்டி இயங்குவது. கூட்டுக்குழுவின் வரம்பை அவை விரும்பியவாறு விரித்துத் தரலாம். அரசியல் பொறுப்பு யாருடையது என்று கேட்க சி.பி.ஐ.க்கு வழியில்லை, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் கூட்டுக்குழுவுக்கு அதிகாரமில்லை. ஆயினும் 2011இல் அமைந்த, பி.சி. சாக்கோ தலைமையிலான 30 உறுப்பினர் குழுவின் முடிவும் கட்சி வாரியாகவே பிளவுபட்டது. எதிர்க்கட்சிகள் மறுப்புரை எழுதின. இன்னொரு பக்கம், ஆ. ராசா, கனிமொழி உள்ளிட்டோரை 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீடு செய்ய சி.பி.ஐ.க்கு 2024 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அனுமதி அளித்தது.

"சி.பி.ஐ. விசாரணைக்குத் தயார்" என்று அவையில் சவால் விடுவோரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மாநில எல்லைக்குள் சி.பி.ஐ. நுழைய அம்மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். இல்லையேல் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட வேண்டும். பொது ஒப்புதலைத் தமிழகம் 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. ஆகவே, "விசாரணை நடத்தப்படும்" என்று அமைச்சர் எழுந்து கூறும்போது மேசையைத் தட்டுவதற்கு முன், எந்தச் சட்டப்படி, யார் நடத்துவார்கள், அறிக்கை என்று அவைக்கு வரும் என்று உறுப்பினர்கள் கேட்டாக வேண்டும்.