ஈரமான வீடு தேவை... பாம்புக்கு!

திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டிலுக்கு இடம் தேடி அலைந்தவர்களுக்கு இந்த வாரச் சமாசாரம் வயிற்றெரிச்சலைக் கிளப்பலாம். பொறுத்துக் கொள்ளுங்கள்.

ரெயின்போ போவா என்று ஒரு பாம்பு. அமேசான் காட்டு ஆசாமி. விஷம் கிடையாது. எலியைச் சுற்றி வளைத்து இறுக்கிச் சாப்பிடுகிற ஜாதி. வளர்ந்தால் ஐந்தாறு அடி. நம் ஊர் மண்ணுளிப் பாம்புக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் அழகில் சம்பந்தமே இல்லை. செம்பழுப்பு உடம்பில் கறுப்பு வளையங்கள். வெளிச்சம் பட்டால், மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தின மாதிரி நீலமும் பச்சையுமாக மின்னும். சாயமில்லை. செதில் மேலுள்ள நுண்ணிய வரிகள் ஒளியைப் பிரிக்கிற வித்தை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதைச் செல்லமாக வளர்க்கிறார்கள். மினியாபோலிஸில் என் சித்தி பையனும் வளர்க்கிறான். சாஃப்ட்வேர் உத்தியோகம், தனிக்கட்டை. ஒரு டிசம்பர் ராத்திரி போன்.

"அண்ணா, சட்டை உரிக்கிறப்ப முழுசா வரலை. பிச்சுப் பிச்சு வருது. கண்ணு மேல பழசு அப்படியே ஒட்டிட்டிருக்கு. சாப்பிடவும் மாட்டேங்குது." குரல் உடைந்திருந்தது.

நான் பி.காம். பாலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்றால் ஏதாவது சொல்லலாம். "டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுடா" என்றேன்.

டாக்டர் முதலில் சொன்னது: கண் மேல் இருப்பதைக் கையால் பிய்க்காதே, கண் போய்விடும். அப்புறம் பாம்பை விட்டுவிட்டு வீட்டைப் பற்றி விசாரித்திருக்கிறார். கண்ணாடித் தொட்டி. மேலே கம்பி வலை மூடி. அதற்கும் மேலே சூட்டு விளக்கு. கீழே ஆஸ்பென் மரச் சீவல். அப்பளம் காயவைக்க உத்தமமான ஏற்பாடு!

வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே ஹீட்டர் ஓடுகிறது. குளிர்காற்றில் நீராவியே குறைவு. அதையும் சூடாக்கினால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுவதுண்டு. போவாவுக்கு வேண்டியதோ 75 முதல் 90. குட்டி என்றால் இன்னும் கண்டிப்பு. சென்னையில் நம்மைப் பிழிந்து காயப்போடுகிற அதே புழுக்கம்தான் அதற்கு ஆயுள்.

உடனே வீடு மாற்றம். (அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன் கிடையாது. கொடுத்து வைத்த ஜென்மம்.) முன்பக்கம் திறக்கிற பி.வி.சி. பெட்டி, நாலடிக்கு இரண்டடி. ஒரு கோடியில் 29, 30 டிகிரி, மறு கோடியில் 24. நடுவே தெர்மோஸ்டாட். 32-ஐத் தாண்டினால் ஆபத்து. உள்ளே புரண்டு கிடக்கப் பெரிய தண்ணீர்ப் பாத்திரம், ஒளிந்து கொள்ள ஈரப் பாசி அடைத்த ஒரு டப்பா.

படுக்கைக்கு? தேங்காய் நார்த்தூள்! பொள்ளாச்சிப் பக்கம் செங்கல் மாதிரி அழுத்திக் கப்பலேற்றுகிறார்களே, அதுதான். தண்ணீரில் போட்டால் பொதபொதவென்று ஊறும். ஆஸ்பென் சீவலாக இருந்தால் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். தேவதாரு மரச் சீவலின் எண்ணெய் வாடை பாம்புக்கு ஆகாது.

ஆனால் ஈரம் வேறு, சொதசொதப்பு வேறு. இதில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். நார்த்தூளைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. சொட்டினால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் கிளம்பி அழுக ஆரம்பிக்கும். ஈரம் போகாமலிருக்கக் காற்றுத் துவாரத்தையெல்லாம் அடைத்தாலோ நுரையீரலில் சளி. ஆகவே ஈரப்பதமானி ஒன்றை மாட்டி, காலையில் ஆபீஸ் போகுமுன் ஒரு பார்வை, தேவைப்பட்டால் நாலு தெளிப்பு.

ஜனவரியில் அடுத்த சட்டை முழுசாகக் கழன்றது, கண்மூடிகளோடு. அன்றைக்கே ஒரு எலியும் உள்ளே போனதாம். பையன் சந்தோஷத்தில் எனக்குப் போட்டோ அனுப்பினான். காலை டிபன் நேரத்தில்.

இங்கே யாருக்காவது ஆசை வந்தால் ஒரு வார்த்தை. போவாக்கள் சர்வதேச சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். பாங்காக்கிலிருந்து சூட்கேஸில் சுருட்டி வருகிறவர்களை மீனம்பாக்கத்தில் சுங்கத்துறையினர் பிடிக்கிறார்கள்.

சித்திக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. பையனுக்குப் பெண் பார்க்கிறாள். பாம்பு இருபது வருஷத்துக்கு மேல்கூட இருக்கும் என்று எவனோ சொல்லித் தொலைத்துவிட்டான். "பொண்ணு வீட்டுல என்னன்னுடா சொல்றது?" என்கிறாள்.

"சர்ப்ப தோஷம் ஜாதகத்துல இல்ல, ஹால்லதான் இருக்குன்னு சொல்லிடுங்க சித்தி" என்றேன். போனை வைத்துவிட்டாள்.