ஜால்ரா வாங்கப் போகிறீர்களா?

ஆபீஸில் 'ஜால்ரா வாங்கப் போறேன்' என்று சொல்லிப் பாருங்கள். 'உனக்கெதுக்குப்பா புதுசு? இருக்கிறதே நல்லாத்தானே சத்தம் போடுது' என்பார்கள். தமிழில் இவ்வளவு கெட்ட பெயர் வாங்கிய வாத்தியம் வேறில்லை.

நான் சொல்வது நிஜ ஜால்ரா.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்த ஆறு இளைஞர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தன் பாடுவான். ஒருத்தனுக்குக் கீபோர்டு வரும். மற்ற நாலு பேரும் டிபன் பாக்ஸில் தாளம் போட்டே வளர்ந்தவர்கள். ஆயுத பூஜைக்குள் கோஷ்டி ரெடியாக வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் காசும் சேர்த்தாயிற்று. என்ன வாங்குவது?

முதல் ஓட்டு டிரம் செட்டுக்குத்தான் விழும். அதில் தட்டுகளே மூன்று தினுசு. காலால் மிதித்து மூட 14 அங்குல ஹை-ஹாட், திடீரென்று வெடிக்க 16 அங்குல கிராஷ், விடாமல் தட்ட 20 அங்குல ரைட். மலிவான தட்டு பித்தளை. அதாவது செம்பும் துத்தநாகமும். நல்ல தட்டு வெண்கலம், செம்பும் வெள்ளீயமும். 1623-ல் இஸ்தான்புல்லில் ஆரம்பித்த ஸில்ட்ஜியன் கம்பெனி இன்று அமெரிக்காவில் தட்டு செய்கிறது. அதன் பேர் பெற்ற கலவை நூற்றுக்கு 80 செம்பு, 20 வெள்ளீயம். நம் கோயில் மணியும் ஏறக்குறைய அதே ஜாதிதான்!

இருங்கள், கடைக்கு ஓடாதீர்கள்.

இது மூன்று ஷிஃப்ட் பூமி. பொது இடத்தில் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வாத்தியம் வாசிக்கக் கூடாது என்கின்றன 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள். சட்டத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு ராத்திரி. ஒரகடத்திலோ எந்நேரமும் யாருக்காவது ராத்திரி. காலை பத்து மணிக்கு நீங்கள் கிராஷைத் தட்டும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் கண்ணை மூடியிருப்பான். தூக்கம் கெட்டவன் மறுபடி போய் நிற்பது பிரஸ் மெஷின் முன்னால். அவனுக்கும் விரல்கள் பத்துதான்.

அதனால் கைக்கு அடக்கமாக வாங்குங்கள். கஞ்சிரா பையில் போகும். உடும்புத் தோலில் கேட்காதீர்கள், 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோ போதும். கடம் அருமையான வாத்தியம், ஆனால் ஷேர் ஆட்டோவுக்கு லாயக்கில்லை. கதாகாலட்சேபத்துச் சிப்ளாக்கட்டைக்கு ஒரு கை போதும். நாகஸ்வரத்தோடு போடும் தடித்த தாளம் கல்யாண மண்டபத்துக்குச் சரி. சின்ன அறையில் காதைத் துளைத்துவிடும்.

மிச்சம்? ஜால்ராதான். பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். கயிற்றில் தொங்கவிட்டு விளிம்போடு விளிம்பு லேசாகத் தொடுங்கள். நாதம் நின்று நிதானமாக அடங்கினால் நல்ல வெண்கலம். 'டப்' என்றால் எங்கோ விரிசல். பரதநாட்டிய நட்டுவாங்கத் தாளத்தில் ஒன்று இரும்பு, மற்றது வெண்கலம். அதைப் பார்த்துவிட்டு, 'ஜோடி மாறிடுச்சு' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.

கடைசியாக, அதை யாரிடம் கொடுப்பது? எந்த வாத்தியமும் வராமல் சும்மா இருப்பவனிடம் திணிப்பதுதான் வழக்கம். தப்பு. ஆறு பேரில் யாருக்குக் காலப்பிரமாணம் நன்றாக நிற்கிறதோ, அவனிடம் கொடுங்கள். கைதட்டல் விழுந்ததும் பாடுகிறவன் குஷியில் ஓட ஆரம்பிப்பான். எல்லோரும் பின்னாலேயே ஓடினால் சரணத்துக்குள் மூச்சு வாங்கிவிடும். அப்போது இருந்த இடத்திலேயே நின்று, 'அண்ணே, ஓடறீங்க' என்று அவனுக்கு உணர்த்துவதுதான் ஜால்ராவின் வேலை.

எந்த ஆபீஸ் ஜால்ராவாவது மானேஜரிடம் அப்படிச் சொன்னதுண்டா?